மழை விடுமுறையன்று பள்ளிக்கு வந்த பதினோரு பேர்

என் பிரியமுள்ள தம்பி வாசகத்துக்கு,

பள்ளிக்கூடத்தில் ஆறு வருடமும் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஒன்பது வயது இளையவன் என்றாலும் நீ பி.எட். முடித்த வரலாற்று வாத்தியார். நான் ஐந்தாம் வகுப்புக்கு மனக்கணக்கு சொல்லிக்கொடுக்கிற செகண்டரி கிரேடு. இப்போது 'நீ' என்று எழுதுகிறேன். சொல்லப்போகிற விஷயத்தை 'நீங்க' போட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன். இப்படி எழுதுகிற வழக்கம் உலகத்தில் உண்டு என்று எனக்குச் சொன்னதே நீதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. நம்மைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தூத்துக்குடியோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு கையெழுத்து வாங்க இனி அங்கேதான் ஓட வேண்டும். பள்ளியில் சத்துணவு வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எங்கள் வருகைப்பதிவேடு உண்மை பேசுகிறது. இந்த வருடமும் மழை ஏய்த்துவிட்டது, பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. நம் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் கல்லுக்குண்டாக இருக்கிறார். அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று இரண்டாகிவிட்டது. நான் இப்போது பொறுப்புத் தலைமை ஆசிரியை. அந்த நாற்காலி எனக்கு எப்படி வந்தது என்று உன்னிடம் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஜூனில் ஓய்வு.

நீ அந்தப் பாடம் நடத்திய வருடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அமெரிக்காவில் அடிமைகள் விடுதலையானது பற்றி ஒரே ஒரு பத்தி. விடுதலை கொடுத்த ஜனாதிபதியின் பெயர் இருந்தது. ஸ்டாப் ரூமில் புத்தகத்தை என் முன்னால் விரித்துப் போட்டாய்.

"அக்கா, குடுத்தவர் பேரு இருக்கு. வாங்கினவங்க பேரு ஒண்ணு கூட இல்ல. லட்சக்கணக்குல இருந்த கறுப்பு மக்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா இருந்திருப்பாவ?"

"பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி தம்பி. அதுக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?" என்றேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நீ சென்னையில் இருக்கிற ஓர் அயல்நாட்டு நூலகத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினாய். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பு மக்கள் தங்கள் கையால் எழுதியது ஏதாவது இருந்தால் நகல் அனுப்புங்கள் என்று கேட்டாய். இரண்டு மாதம் கழித்துப் பெரிய காக்கி உறை வந்தது. உள்ளே போட்டோஸ்டாட் தாள்கள், பழைய அச்சு, பூதக்கண்ணாடி வைத்தால்தான் வாசிக்க முடியும். நீ இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியை ஜோசியக்காரர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீ தமிழில் சொல்வாய், நான் ஸ்டென்சில் தாளில் எழுதுவேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு. கோவில்பட்டியில் உன் சிநேகிதர் நடத்திய டைப்ரைட்டிங் பயிற்சி நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் சைக்ளோஸ்டைல் எடுத்து வருவாய். சட்டையெல்லாம் மையாக வருவாய். கரிசல்காட்டு நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் கையில் நூற்று முப்பது வருடத்துப் பழைய அமெரிக்கக் காகிதங்கள் வந்தது அப்படித்தான்.

முதல் தாள் ஒரு விளம்பரம். ஓர் எஜமான், தன்னிடமிருந்து ஓடிப்போன பெண்ணைப் பிடித்துத் தரும்படி பத்திரிகையில் போட்டது. இத்தனை வயது, இடது கையில் தழும்பு, எழுதப் படிக்கத் தெரியும், துடுக்காகப் பேசுவாள் என்று அடையாளம் சொல்லியிருந்தார். நீ பலகையில் மூன்று கேள்விகள் எழுதினாய். இதை எழுதியது யார்? யாருக்காக எழுதியது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் கேட்கச் சொன்னாய்.

நான் அடுத்த வகுப்பில் இருந்தேன். நடுவில் பாதித் தட்டிதான். ராசாத்தி எழுந்து சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை, வாயாடி.

"சார், அவளைப் பிடிக்கணும்னுதான் எழுதியிருக்கான். ஆனா அவ கெட்டிக்காரிங்கிறது அவன் வாயாலேயே வந்திருச்சே. தழும்பு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லல."

அன்று நீ வகுப்பை விட்டு வந்தபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உனக்கே நல்லாசிரியர் விருது கொடுத்தது மாதிரி இருந்தாய்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு தாள். தப்பி வந்த பெண்கள் மேடையேறிப் பேசியது, கறுப்பு மக்கள் தாங்களே அச்சகம் வைத்து நடத்திய பத்திரிகை, சட்டசபைக்குக் கூட்டாகப் போட்ட மனு. தப்பிவந்த ஒருவர், தன் பழைய எஜமானுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடாமல் பத்திரிகையில் அச்சிட்டாராம். விலாசம் ஒருவருக்கு, வாசிப்பது ஊர் முழுக்க என்று நீ சொன்னாய். இந்தக் கடிதத்தைத் திறந்து வைத்திருப்பது அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான். ஒரே ஒரு வித்தியாசம். அவர் அடிபட்டவர். நான் எஜமான் பக்கத்தில் ஏடு எழுதியவள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு தாள். ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்து அனுப்பிய ஒரு கறுப்பர், வந்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், யாரைப் பிரிந்து வந்தார் என்பதையெல்லாம் எழுதி ஒளித்து வைத்திருக்கிறார். பின்னால் சொந்தக்காரர்கள் தேடிக் கண்டுபிடிக்க உதவும் என்று. அதை ஸ்டென்சிலில் எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. நீ என் பக்கம் திரும்பாமலே, "அதுவும் ரிஜிஸ்டர்தான் அக்கா," என்றாய். உனக்கு அப்போதே தெரியும், இல்லையா?

தெரியாமல் எப்படி இருக்கும்? என் ஐந்தாம் வகுப்பு வருகைப்பதிவேட்டில் பதினோரு பெண்பிள்ளைகள் தினமும் வந்தார்கள். காலையில் ஒரு சாய்கோடு, மதியம் அதன் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால் அந்தப் பிள்ளை அன்று முழுக்க வகுப்பில் இருந்தது என்று அர்த்தம். ஆனால் விடியுமுன் வருகிற கரஸ்பாண்டன்டின் வேனில் ஏறி, அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பதினோரு பேரும். ராசாத்தியின் தங்கை பேச்சியம்மாளும் அதில் ஒருத்தி. பத்து வயது.

ஏன் போட்டேன்? பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போகும். புருஷன் போனபிறகு வேலைக்கு வந்தவள் நான், சர்வீசில் கடைசி. போவது என் வேலைதான். கல்யாண வயதில் இரண்டு பெண்கள் வீட்டில். ஹெட்மாஸ்டருக்குத் தெரியும், கரஸ்பாண்டன்டுக்கும் தெரியும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நடக்காததா என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். இதெல்லாம் காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

அந்தக் கார்த்திகையில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று வாரம் லீவு. என் வகுப்பை உன் பொறுப்பில் விட்டார்கள். எனக்கு அடிவயிற்று வலியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. கல்வி ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பிள்ளைகளை எண்ணுகிற மாதம் அது. உன் கையில் ரிஜிஸ்டர் வந்தால் வராதவளுக்கு வரவில்லை என்றுதான் போடுவாய். அதனால் லீவுக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் போனபிறகு உட்கார்ந்து, அந்தப் பதினோரு பேருக்கும் மூன்று வாரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே பெருக்கல் குறி போட்டு முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளைக் கவனமாக விட்டேன். கெட்டிக்காரி என்று நினைப்பு. பயிற்சி முடித்து இருபத்தைந்து வருடம் கழித்து வாத்தியாரானவள் செய்கிற முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும்.

மழை வரும் என்று யாருக்குத் தெரியும்? நம் ஊருக்கு எப்போது மழை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது? இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. ரோடெல்லாம் கரிசல் சகதி, பஸ் நின்றுவிட்டது, பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். நீ அந்த இரண்டு கட்டத்திலும் மேலிருந்து கீழாக 'மழை விடுமுறை' என்று உன் கருப்பு மையில் எழுதினாய். அந்த எழுத்துக்கு அடியில் என் நீல மையில் பதினோரு பெருக்கல் குறிகள். பூட்டிய பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். ரப்பரால் தேய்த்திருக்கலாம், பிளேடால் சுரண்டியிருக்கலாம். ஆவணத்தில் கை வைக்கக் கூடாது என்பது உனக்கு வேதம்.

அந்த வாரம்தான் பிள்ளைகளை அவரவர் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவந்து அந்த மூன்று கேள்வியையும் கேட்கச் சொல்லியிருந்தாய். ரேஷன் கார்டு வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது. ராசாத்தி, தீப்பெட்டி ஆபீஸில் தன் தங்கைக்குக் கொடுத்திருந்த வருகை அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பஸ் நின்ற மழை நாள் இரண்டிலும் வேன் நிற்கவில்லை, பேச்சியம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். வகுப்பு லீடர் என்பதால் ரிஜிஸ்டர்களை ஹெட்மாஸ்டர் அறைக்குத் தூக்கிப் போகிறவளும் ராசாத்திதான்.

"சார், ரெண்டு காகிதமும் ஒரே நாள் ஒரே ஆளப் பத்திச் சொல்லுது. இந்த அட்டைப்படி எந்தங்கச்சி தீப்பெட்டி ஆபீசுல இருக்கா. ரிஜிஸ்டர்படி பூட்டுன பள்ளிக்கூடத்துல இருக்கா. எந்தக் காகிதத்தை நம்ப?"

பள்ளிக்கூடத்துப் பேச்சு ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் கரஸ்பாண்டன்ட் காதுக்குப் போய்விட்டது. பொய்க் குறிகள் அவரைச் சுட்டிருக்காது. அவருக்கும் வசதியானதுதானே அது. அவருடைய ஆபீஸ் அட்டை வகுப்பறை மேஜைக்கு வந்ததுதான் அவரைச் சுட்டது. அடுத்த வாரமே கல்வி அதிகாரியை வரவழைத்தார். குற்றச்சாட்டு, வருகைப்பதிவேட்டில் பொய் எழுதியது.

நான் வேலைக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி அந்தப் பக்கத்தை விரித்து, யார் போட்டது என்று கேட்டார். நீ சொன்னாய்:

"அந்த மூணு வாரமும் பொறுப்பு எங்கிட்டதான் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்களுக்கு இதைப் பத்தித் தெரியுமா?"

"நான் லீவுல இருந்தேன் சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை பொய் இல்லை. நீ போட்டாய் என்று நான் சொல்லவே இல்லை, பார்த்தாயா? அந்தப் பக்கம் முழுக்க உன் கருப்பு மை, அந்தப் பதினோரு வரிசை மட்டும் நீல மை. உன் வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் கொடுத்திருந்தாலும் கண்டுபிடித்திருக்கும். அதிகாரிக்குக் கண்டுபிடிக்க விருப்பமில்லை. நீ என்னை ஒரு தடவை பார்த்தாய், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன்னை வேலையை விட்டு எடுத்தார்கள்.

நீ சாமான்களைக் கட்டிக்கொண்டு மனைவியின் ஊரான கயத்தாறுக்குப் போன அன்று பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"ஏன் தம்பி சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற வாயைப் பார்.

"உங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைகளக் கரையேத்தணும். எனக்குப் பிள்ளையா குட்டியா அக்கா," என்றாய். பஸ் வந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாய். "எப்ப முடியுதோ அப்ப எழுதி வைங்க. உங்க கையால. அவசரமில்ல."

நான் எட்டு வருடம் எடுத்துக்கொண்டேன். பெரியவள் கல்யாணம் ஆகட்டும் என்றேன், அப்புறம் சின்னவள். அப்புறம் பேரன் காது குத்து. கயத்தாறு பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரு தடவை வந்திருக்கலாம் இல்லையா?

போன மாதம் பேச்சியம்மாள் வந்தாள். பதினெட்டு வயதுப் பெண், விரல் நுனியெல்லாம் தீப்பெட்டி மருந்து தின்றிருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை காலி, ஐந்தாவது படித்த சான்று கேட்கிறார்களாம்.

"அஞ்சாவது முழுக்க வந்திருக்கேன்னு உங்க ரிஜிஸ்டருல இருக்காம்லா டீச்சர். எழுதிக் குடுங்க."

படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவள் இடது கைப் பெருவிரலை நீட்டினாள். மை டப்பாவைத் தேடுவது மாதிரி மேஜை இழுப்பறைக்குள் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இது பொய்டி பேச்சி. நான் போட்ட பொய்," என்றேன்.

"தெரியும் டீச்சர். அக்கா அன்னைக்கே சொல்லிட்டா. அந்தப் பொய்யால உங்க வேலை நின்னுச்சு. எனக்கும் ஒரு பிரயோசனம் இருக்கட்டுமே."

சான்று கொடுத்தால் இன்னொரு பொய். உண்மையை எழுதினால் அவளுக்குக் கிடைக்கிற வேலையும் போகும். என் பாவத்தைக் கழுவ மறுபடியும் அவளையேவா செலவழிப்பது? உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாளே கயத்தாறுக்குப் பஸ் ஏறினேன்.

நீ எழுத்து வேலை பார்த்த லாரி ஆபீஸில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உன் மனைவி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. மஞ்சள் காமாலையாம். நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டதாம்.

"நீங்க மரகதம் அக்காதான? உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அவிய அடிக்கடி சொல்லுவாவ," என்றாள். உள்ளே போய் அந்தக் காக்கி உறையையும் நான் எழுதிய ஸ்டென்சில் பிரதிகளையும் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். ஒரு தாள் கூட கசங்கவில்லை. அவளிடம் நீ எதுவும் சொல்லவில்லை, தம்பி. நானாகச் சொன்னேன். அவள் முறத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க," என்றாள்.

ஊர் திரும்பியதும் பேச்சியைத் தேடிப் போனேன். நான் உண்மையை எழுதப் போகிறேன், எழுதினால் அவளுக்குச் சான்று கிடைக்காது, அவள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பத்து நாள் கழித்து ராசாத்தியோடு வந்தாள். ராசாத்தி இப்போது கழுகுமலையில் வாழ்க்கைப்பட்டு தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அக்காதான் அந்தப் பத்து நாளும் சிலேட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எழுதுங்க டீச்சர். தனியாப் பரீட்சை எழுதலாம்னு அக்கா சொல்லுதா, பாத்துக்கிடுதேன். மன்னிக்கதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றாள் பேச்சி. "ஆனா பதினோரு பேரு வரிசையில எம்பேரை நீங்க எழுதாண்டாம். ஒருக்க எழுதுனதே போதும்."

அதனால் இதை எழுதுகிறேன். ஒரு பிரதி கல்வி அலுவலகத்துக்குப் போகிறது, ஒன்று கரஸ்பாண்டன்டுக்கு, ஒன்று கயத்தாறுக்கு. பென்ஷனை நிறுத்தினால் நிறுத்தட்டும். அந்த நீலப் பெருக்கல் குறிகளைப் போட்டவள் நான். வாசகம் வாத்தியார் ஒரு கோடு கூடப் பொய்யாகப் போடவில்லை.

பதினோரு பேரில் ஒன்பது பேரை நேரில் பார்த்து, இப்போது எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இருவர் எங்கே என்று தெரியவில்லை, தேடுகிறேன். பேச்சியம்மாள், சண்முகத்தாய், மாடத்தி, வேலம்மாள், காளியம்மாள், கோமதி, முத்துலட்சுமி, இசக்கியம்மாள், ராமலட்சுமி, சுப்புத்தாய், அழகம்மாள். எட்டு வருடம் பிந்தி வந்தாலும் இதுவும் ரிஜிஸ்டர்தான்.

தம்பி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை முதல் பீரியட் எட்டாம் வகுப்பில் உன் பாடத்தை நான் தொடங்கப் போகிறேன். ஓடிப்போன பெண்ணைத் தேடிய அந்த விளம்பரத்தில் தொடங்கி, எஜமானுக்கு எழுதிய கடிதம் வரைக்கும் உன் தாள்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஜூனுக்குள் முடித்துவிடுவேன். கடைசித் தாளாக இந்தக் கடிதத்தை வைத்து, உன் மூன்று கேள்விகளையும் பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்பேன். அவர்கள் என்ன கேட்டாலும் லீவில் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நகலை நம்பாதீர்கள், மூலத்தைப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்வாயே, அதனால் மூலத்தையே கொண்டுபோவேன். டைப் அடித்த நகலில் பதினோரு பெயரும் ஒரே எழுத்தாகத்தான் தெரியும். மூலத்தில் பத்துப் பெயர்கள் என் கையெழுத்து. முதல் பெயர் கோணல்மாணலாக, கோட்டை விட்டுக் கீழே இறங்கி, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறது. அது அவளே எழுதியது.

உனக்கு அக்காவாக இருந்திருக்க வேண்டிய,
மரகதம்